நலமான கொடையாளர் 7

ஸ்டூரேயின் இடது கை நரம்பைப் போல ஒரு நரம்பு கோத்தன்பர்க் நகரத்திலேயே கிடையாது என்று அந்த ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். தோலுக்கு மேலேயே நீலமாகப் புடைத்து நிற்கும். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை ஆனால் போதும், மனிதர் கையில் இருக்கிற வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கையை நீட்டிவிடுவார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. இருபத்தெட்டு வருடமாக அங்கே உதவியாளர். இயந்திரம் மக்கர் பண்ணினால் அவர், குழாய் ஒழுகினால் அவர், யாராவது அழுதால் காபி போட்டுக் கொடுக்கவும் அவர். இரத்தம் வேண்டுமென்றாலும் அவர்தான்.

ஊசி குத்துகிறவள் தோருன். நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடம் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்து, மூன்று ஷிப்டும் மலச்சட்டியும் போதும் என்று உதறிவிட்டு, முனைவர் பட்டத்துக்காக இங்கே வந்து உட்கார்ந்தவள். ஜூன் ஐந்தாம் தேதி ஆய்வேட்டின் மேல் பொது விவாதம். அதில் தேறினால் அதே துறையில் விரிவுரையாளர் இடம் அவளுக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. தேறாவிட்டால் பழைய வார்டு, பழைய ஷிப்ட். அதற்குச் செத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். அதைத் தோழிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் விளையாட்டாகச் சொன்னதில்லை.

"என் ரத்தம் இல்லாம உன் புத்தகத்துல ஒரு பக்கம் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோ" என்பார் ஸ்டூரே, ஊசி ஏறும்போது.

அது வேடிக்கைப் பேச்சில்லை, உள்ளது உள்ளபடி. உடம்பில் எங்காவது காயமோ கிருமியோ வந்தால் அந்த இடம் வீங்கிச் சிவக்கிறதல்லவா, அந்த அமளியில் சில புரதங்கள் கசிந்து வரும். சர்க்கரையைக் கண்டால் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் குணம். வெள்ளணுவின் மேலெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. காலெக்டின் என்கிற புரதம் அதில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் வெள்ளணு வெறிகொண்டு நஞ்சைக் கக்கும். கிருமியும் சாகும், பக்கத்தில் இருக்கிற நல்ல சதையும் வேகும். ஆனால் இரத்தத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற அணு தூக்கத்தில் இருப்பது. அதை காலெக்டின் என்ன உலுக்கினாலும் அசையாது. ஏற்கெனவே அமளியை மோப்பம் பிடித்து விழித்த அணுதான் எழுந்து ஆடும். துறையில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இது. தோருனின் ஆய்வேட்டில் சேர்கிற நான்காவது கட்டுரை மட்டும், இல்லை, தூங்குகிற அணுவும் எழும் என்றது. அந்தக் கட்டுரையை உருவிவிட்டால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது அட்டைதான்.

எழுந்ததெல்லாம் ஸ்டூரேயின் அணுக்கள். தோருன் தன் இரத்தத்தை எடுத்து காலெக்டின் சேர்த்துப் பார்த்தாள், கக்கின நஞ்சைக் காட்டுகிற கோடு திரையில் செத்துக் கிடந்தது. ஆய்வகத்துத் தலைவர் ஹோல்கரின் இரத்தம், இரண்டு மாணவர்களின் இரத்தம், எல்லாம் அப்படியே. ஸ்டூரேயின் இரத்தம் என்றால் கோடு மலை ஏறும். இங்கே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். யார் யோசித்தார்கள்? அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யார் இரத்தம் சோதனைக்கு ஒத்துழைக்கிறதோ அவர் 'நல்ல கொடையாளர்'. மற்றவர்களின் இரத்தம் வந்த அன்று நாள் சரியில்லை, சைக்கிளில் மேடேறி வந்திருப்பார்கள், காபி அதிகம், அணுவைப் பிரிக்கும்போது கை பிசகியிருக்கும் என்று ஆயிரம் காரணம் சொல்லிக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அப்படி ஸ்டூரேயின் ஐந்து செவ்வாய்க்கிழமைகள் கட்டுரையில் 'ஐந்து தனித்தனிச் சோதனைகள்' ஆயின. படிக்கிறவன் ஐந்து மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டால் அது படிக்கிறவன் பாடு.

மார்ச் மாதம், கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். காலெக்டினைச் சேர்ப்பதற்கு முன்னால் அந்த அணுக்கள் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தனவா, அதைக் காட்டுங்கள் என்றார்.

நியாயமான கேள்வி, ஒரு காலை வேலை. தூங்குகிற வெள்ளணு தன் மேல் ஒரு புரதத்தைப் போர்த்தியிருக்கும். அதுவும் சர்க்கரையைப் பிடிக்கிற ஜாதிதான். அணு விழித்துக்கொண்டால் முதல் வேலையாக அந்தப் போர்வையை உதறிவிடும். தோருன் தன் இரத்தத்தையும் ஸ்டூரேயின் இரத்தத்தையும் அருகருகே வைத்து, சாயம் போட்டு, இயந்திரத்தில் ஓடவிட்டாள். அவளுடைய அணுக்கள் போர்வையோடு இருந்தன. ஸ்டூரேயின் அணுக்களில் பத்தில் ஒன்பதுக்குப் போர்வை இல்லை. இரண்டாம் முறை ஓடவிட்டாள். அடுத்த செவ்வாயும் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

அவள் பயந்துதான் போனாள். இரண்டு காரணம். கட்டுரை பொய் என்பது முதலாவது; தூங்குகிற அணு எதுவும் எழவில்லை, விழித்துக்கொண்டிருந்ததுதான் ஆடியிருக்கிறது. இரண்டாவது, ஒரு மனிதனின் அணுக்கள் இத்தனை மாதமாகத் தூங்காமல் இருக்கிறதென்றால் அவன் உடம்புக்குள் எங்கோ நெருப்பு எரிகிறது. அவளுக்கு முதலில் உறைத்தது முதலாவதுதான். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

நர்ஸின் கண் சும்மா இருக்குமா? அன்றைக்கு மூன்று மணிக் காபியில் ஸ்டூரேயைக் கவனித்தாள். ஏலக்காய் ரொட்டியைக் காபியில் முக்கி ஊறவைத்து, இடது பக்கத்தில் மட்டும் போட்டு மென்றார். பல் வலியா என்று சாதாரணமாகக் கேட்டு வைத்தாள். பல் டாக்டருக்கும் தனக்கும் ஓர் ஒப்பந்தம் இருப்பதாகவும், தான் அங்கே போவதில்லை, அவரும் இங்கே வருவதில்லை என்றும் ஸ்டூரே சொன்னதில் மேஜையே சிரித்தது. தோருனும் சிரித்தாள். வலது தாடையில் ஒரு வருடமாக விண்விண் என்று இருக்கிறதாம், வரும் போகுமாம்.

அவள் ஹோல்கரிடம் போனாள், அதையாவது செய்தாள். ஹோல்கர் குரலை உயர்த்தாத மனிதர். அந்த ஊரில் பேராசிரியரைக் கடைநிலை ஊழியன்கூட நீ என்றுதான் கூப்பிடுவான், அவரும் எல்லோரையும் தோளில் கை போட்டு நீ என்பார். கழுத்தை அறுத்தாலும் நீ போட்டுத்தான் அறுப்பார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த அறைக்குள்ள நீ நர்ஸா, ஆராய்ச்சியாளரா? முதல்ல அதை முடிவு பண்ணிக்கோ தோருன்" என்றார்.

"ரெண்டும்தான்."

"ரெண்டும் கிடையாது. கொடையாளர்னா நமக்கு ஒரு நம்பர். ஏழாம் நம்பருக்குப் பல் வலின்னு உனக்கு எப்படித் தெரியும்? அவன் கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு, தனி ஆளோட முடிவை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு. நீ சொன்னா நீ விதியை மீறினவ."

பிறகு மெதுவாக விளக்கினார். இது மருத்துவச் சோதனை இல்லை, இதை வைத்து நோய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மதிப்பிட்டவர் கேட்டது தூங்குகிற அணுவின் படம், அவ்வளவுதானே? தோருனின் அணுக்கள் அழகாகத் தூங்குகின்றன. அந்தப் படத்தைப் போட்டால் போகிறது. 'நலமான கொடையாளரின் அணுக்கள்' என்று கீழே எழுதினால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஸ்டூரேயிடம் தானே பேசுவதாகவும் சொன்னார், விவாதம் முடிந்த மறுநாள். பத்து வாரம், ஒரு பல்லுக்குப் பத்து வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டார்.

அவர் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். அவள் தன் படத்தைப் போட்டாள். கட்டுரை இரண்டே வாரத்தில் ஏற்கப்பட்டது, ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். கேக் வாங்கி வந்தது ஸ்டூரே. அந்த வெள்ளிக்கிழமை அவருடைய முறை.

பத்து வாரத்தில் என்ன ஆகும் என்று ஹோல்கருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் வெள்ளணுவைத் தவிர முழு மனிதனைப் பார்த்து முப்பது வருடம் ஆகிறது. தோருனுக்குத் தெரியும். பல் வேரில் இருக்கிற சீழ் இரத்தத்தில் இறங்கும், இதயத்தின் வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே கூடு கட்டும், ஒருநாள் அந்தக் கூடு பிய்ந்து தலைக்கு ஏறும். வார்டில் இப்படி நான்கு பேரை அவள் கையாலேயே குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறாள். ஏப்ரல் கடைசிச் செவ்வாயன்று ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்தும்போது ஸ்டூரேயின் விரல்களைப் பார்த்தாள். இரண்டு நகங்களுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடுகள், மரச்சிராய் ஏறினது போல. படகுக் கொட்டகையில் பலகை இழைத்தபோது அடிபட்டது என்றார் அவர். அடிபட்டாலும் கோடு வரும்தான், ஆனால் வால்வில் கிருமி கூடு கட்டினாலும் இதே கோடுதான் வரும். நர்ஸ் படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்.

ஒரு வார்த்தை, டாக்டரைப் போய்ப் பார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு வந்துவிடும்? அவள் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். டாக்டர் இரத்தம் எடுப்பார், கிருமி அகப்படும். ஸ்டூரே வாய் சும்மா இருக்காது, என் இரத்தத்தில் பூச்சி இருந்ததாம் என்று காபி மேஜையில் சொல்லிச் சிரிப்பார். அந்த மேஜையில் இருக்கிற பத்துப் பேருக்கும் அறிவு உண்டு; செவ்வாய்க்கிழமைகளை விரல் விட்டு எண்ண ஐந்து நிமிடம் ஆகாது. அதனால் அவள் பஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, நன்றி சொல்லி, குழாய்களை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த செவ்வாயும் குத்தினாள். அதற்கடுத்த செவ்வாயும். இனி அந்த இரத்தம் எதற்கும் தேவையில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாரே என்று எடுத்து, பின்பக்கத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

விவாதத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்ட வேண்டும். நடைவழியில் அதற்கென்றே ஒரு பலகை. ஆணியடிக்கிற சடங்கு முடிந்துவிட்டால் அந்தப் புத்தகம் ஊர் அறிந்த சொத்து, எழுதினவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. போன வருடம் ஒருத்தன் கட்டை விரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்டதிலிருந்து ஸ்டூரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். புத்தகத்தின் மூலையில் முன்கூட்டியே துளை போட்டு வைத்துவிடுவார், ஒரே தட்டில் ஆணி இறங்கும். மே பதினைந்தாம் தேதி, எல்லோரும் பிளாஸ்டிக் கோப்பையில் நுரைக்கிற ஒயினோடு வந்து சேர்வதற்குக் கால் மணி முன்னால், தோருனும் அவரும் மட்டும் பட்டறை அறையில் இருந்தார்கள். துளை போட்டு முடித்துவிட்டு மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"தோருன், நீ நர்ஸா இருந்தவதானே. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"ஒரு மாசமா ராத்திரி வேர்த்துக் கொட்டுது. ஆஸ்டா ரெண்டு தடவை விரிப்பு மாத்தறா. பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட போ போன்னு என் உயிரை வாங்கறா. நான் சொல்லிட்டேன், எங்க தோருனைக் கேக்கறேன், அவ போன்னா போறேன்னு."

ஆஸ்டா அவர் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், தோருனுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊறுகாய் மீன் கொடுத்தனுப்புகிறவள். தோருன் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டாள். வெளியே நடைவழியில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. ஹோல்கர் யாரையோ தோளில் தட்டிச் சிரித்தார்.

"ஊர் முழுக்க ஜுரம் சுத்திக்கிட்டிருக்கு ஸ்டூரே. போனாலும் பாராசிட்டமால் போட்டுக்கோ, தண்ணி குடின்னுதான் சொல்லுவாங்க, உனக்குத் தெரியாதா? ஜூன் வரைக்கும் பாரு. குறையலைன்னா அப்புறம் போகலாம்."

"அதானே. நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன்" என்றார் ஸ்டூரே. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுந்து நடைவழிக்கு வந்து பலகையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். ஒரே தட்டில் ஆணி இறங்கிற்று, எல்லோரும் கை தட்டினார்கள்.

மே முப்பத்தொன்றாம் தேதி டிராம் நிறுத்தத்தில் விழுந்தார். கையில் மதியச் சாப்பாட்டு டப்பா இருந்ததாம். தலையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. இரண்டு நாளில் காரணமும் தெரிந்தது: வால்வில் கிருமி, கிருமி வந்த வழி ஒரு கடைவாய்ப் பல். ஆய்வகத்தில் ஒரு வாழ்த்து அட்டை சுற்றுக்கு வந்தது, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தோருன் 'சீக்கிரம் எழுந்து வா' என்று எழுதினாள். பேனாவை அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

ஹோல்கர் கூட்டம் போட்டுப் பேசினார். விவாதம் தள்ளிப்போகாது, விவாதத்தில் கேள்வி கேட்க டென்மார்க்கிலிருந்து வருகிறவருக்கு அறை போட்டாகிவிட்டது, ஸ்டூரேயும் அதைத்தான் விரும்புவான் என்றார். நோயாளியின் உடல்நிலை அவனுடைய சொந்த விஷயம், அதை யாரும் வெளியே பேசுவது நாகரிகமில்லை என்றும் சொன்னார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் செவ்வாய்க்கிழமைகளை எண்ணிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. எண்ணியிருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அவரவருக்கு ஓர் ஆய்வேடு இருக்கிறது.

டென்மார்க்கிலிருந்து வந்தவர் இங்கெலிசே என்கிற பேராசிரியை, எழுபது வயதுக்காரி, காலெக்டினிலேயே தலை நரைத்தவர். மண்டபத்தில் நூறு பேர். இரண்டு மணி நேரம் பக்கம் பக்கமாகக் கேட்டார், தோருன் தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியில் நான்காவது கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"தூங்கற அணு எழுந்துச்சுன்னு சொல்றே. எங்க ஆய்வகத்துல ஒரு தடவைகூட எழுந்ததில்லை, அதனால கேக்கறேன். ரத்தம் கொடுத்தவங்க எல்லாரும் நல்லா இருந்தவங்கதானா?"

தோருன் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். எல்லா விவாதத்துக்கும் ஸ்டூரே உட்காருகிற ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை. ஹோல்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. எல்லாரும் நலமான கொடையாளர்கள்."

"ஒருத்தருக்குக்கூட ஒரு சளி, ஒரு பல்வலி?"

"அப்படி இருந்தா நாங்க ரத்தம் எடுக்கறதே இல்லை."

கிழவி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்றார். மூன்று பேர் கொண்ட குழு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வந்து, தேறினாள் என்று அறிவித்தது.

அன்று மாலை விருந்தில் பட்டம் வாங்கினவரைக் கேலி செய்து பாடுவது வழக்கம். பாட்டு எழுதுகிறவர் எப்போதும் ஸ்டூரே. இந்த முறை யார் எழுதுவது என்று திண்டாடியபோது, அவருடைய மேஜை இழுப்பறையில் பாட்டு தயாராக இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். ஏப்ரலிலேயே எழுதி வைத்துவிட்டார். ஒரு இரத்தக்காட்டேரி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு அப்பாவியின் கையைக் கடிக்கிறது, அவன் வற்றிப் போகிறான், காட்டேரிக்கு டாக்டர் பட்டம் கிடைக்கிறது, அதுதான் பாட்டு. ஆய்வகமே எழுந்து நின்று பாடிற்று, பாதிப் பேர் அழுதுகொண்டே பாடினார்கள். தோருன் கடைசி வரிக்கு எல்லோரோடும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினாள். அடுத்த வாரம் விரிவுரையாளர் இடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

ஹோல்கர் சொன்ன வாக்கை மறந்துவிட்டாரா? இல்லை, ஸ்டூரேயைப் பற்றிப் பேசத்தான் செய்தார், ஸ்டூரேயிடம் இல்லை, அவ்வளவே. ஒரு காலை தோருனின் புது அறைக்கு வந்து சன்னலோரம் சாய்ந்து நின்றார். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், நான்காவது வாரமாக மருந்து ஏறுகிறது. அணுக்கள் இப்போது திரும்பத் தூங்கப் போயிருந்தால்? அதே மனிதன், அதே அணு, நோயோடு ஒன்று, நோய் போனபின் ஒன்று. இப்படிப்பட்ட ஜோடி உலகத்தில் யாரிடமும் இல்லை. நோயோடு இருந்த இரத்தத்தின் படங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவன் போட்ட கையெழுத்துக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. உனக்கு அவன் நரம்பு பழக்கம், வேறு யாராவது போனால் குத்திக் கெடுப்பார்கள் என்றார்.

அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பட்டமும் கையில் இருந்தது, வேலையும் கையில் இருந்தது, இனி அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியிருந்தும் எழுந்து அலமாரியைத் திறந்தாள். நான்கு குழாய், ஊசி, கட்டுப்பட்டை, பிளாஸ்திரி, வழக்கமான ஒட்டுச்சீட்டு. எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு பூங்கொத்தும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

ஆஸ்டா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆய்வகத்திலிருந்து நேரில் வந்தது நீ ஒருத்திதான் என்றாள். ஸ்டூரே ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகத்தின் வலது பாதி தொங்கிக் கிடந்தது, வலது கை தலையணை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளாகக் கிடந்தது.

"ஒரு மாசம் முன்னால வந்திருந்தா மருந்துலயே போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் ஆஸ்டா. "ஆனா நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே. அவரு என்கிட்ட சொன்னாரு, நீ ஜுரம்னு சொன்னேன்னு. யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. நீ என்ன அவரு ரத்தத்தை உத்துப் பாத்தியா?"

தோருன் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்டா வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாள். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம், பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை என்றாள். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் புரியவில்லையாம், டாக்டருக்கும் புரியவில்லையாம்.

குரல் கேட்டு ஸ்டூரே திரும்பினார். தோருனைப் பார்த்தார். முகத்தின் இடது பாதி மலர்ந்தது.

"செவ்வாய்" என்றார்.

"இதேதான். நாள் முழுக்க இதேதான்" என்றாள் ஆஸ்டா. "செவ்வாய்க்கிழமை என்ன, உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலையே" என்றாள் தோருன்.

ஸ்டூரே இடது கையை வாயருகே கொண்டுபோனார். வலது கையால் இனிச் சுருட்ட முடியாது. சட்டைக் கையின் விளிம்பைப் பல்லால் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, முழங்கைக்கு மேல் வரைக்கும் இழுத்துவிட்டார். பிறகு கையை நாற்காலியின் கைப்பிடியில் மல்லாத்தி வைத்து, வழக்கம்போல நீட்டினார். நரம்பு நீலமாகப் புடைத்து நின்றது.

ஆஸ்டா குளிரும் என்று சட்டைக் கையை இறக்கிவிட வந்தாள். தோருன் அவளை மெதுவாகத் தடுத்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"இன்னுமா ரத்தம் எடுக்கணும்? காலையிலதானே எடுத்தாங்க" என்றாள் ஆஸ்டா.

"இது வேற. நாலே நாலு குழாய், சீக்கிரம் முடிஞ்சிடும்."

முதல் குத்திலேயே இரத்தம் வந்தது. ஸ்டூரே கையை அசைக்கவே இல்லை. குழாய்கள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிளாஸ்திரி ஒட்டியதும் இன்னொரு முறை செவ்வாய் என்றார். ஆஸ்டா அவர் தலையைக் கோதிவிட்டு, உன்னைப் பார்த்ததில் எவ்வளவு சந்தோஷம் பார் என்றாள். தோருன் நன்றி சொன்னாள். சன்னல் விளிம்பில் குழாய்களை வரிசையாக வைத்து, ஒட்டுச்சீட்டை எடுத்து உரித்தாள். ஸ்டூரேயின் இரத்தத்துக்கென்று ஆய்வகத்தில் அச்சடித்து வைத்திருக்கிற சீட்டு அது ஒன்றுதான், வேறு கிடையாது. நான்கு குழாய்களின் மேலும் ஒட்டினாள்: நலமான கொடையாளர் 7.